மூடினால் சொட்டுகிறது, திறந்தால் வரவில்லை: மலிவு வால்வின் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

இங்கே பேசப்போவது பித்தளை வால்வைப் பற்றி அல்ல. கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியின் அடியிலும், 200 லிட்டர் பேரலின் வாயிலும், 20 லிட்டர் கேனிலும், அட்டைப்பெட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பையின் கழுத்திலும் பொருத்துகிற பிளாஸ்டிக் வால்வைப் பற்றி. சரக்கு தீர்ந்ததும் இது கழிவுக்குப் போய்விடும். சேலத்தைச் சுற்றி இதற்கு வேலை நிறையவே இருக்கிறது. மரவள்ளி மாவிலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் பாகு, தேங்காய் எண்ணெய், சோப்புக் கரைசல், காப்பித் தோட்டத்துக்கான திரவ உரம், ஏற்காட்டு விடுதிகளுக்கு மேலேறும் பாத்திரம் கழுவும் திரவம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வால்வைச் சோதிக்கும்.

இந்த வால்வை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக் குழாயை மனதில் வைத்துக்கொண்டே உட்காருகிறார்கள். செலவு ஏறுவது அங்கேதான். வீட்டுக் குழாய் ஆண்டுக்கணக்கில் திறந்து மூட வேண்டியது. இதுவோ மாதக்கணக்கில் கிடங்கிலும் லாரியிலும் ஒரு சொட்டு விடாமல் கிடக்க வேண்டும். பிறகு ஒரு நாள் திறந்து, சில நாட்களுக்கு ஓரளவு ஒழுங்காக ஊற்றினால் போதும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே உறுப்பின் தலையில் கட்டினால் அது விலை கூடியதாக இருக்கும், அல்லது ஒழுகும். பயணத்தில் காப்பதைக் குறுக்கே ஒட்டிய ஒரு மெல்லிய சவ்விடம் விட்டுவிட்டு, திறந்த பிறகு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதை மட்டும் வால்விடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் அறிகுறிகளில் பல, இந்தப் பிரிவினையைச் செய்யாத வால்வுகளில் வருபவை.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஒழுகுவது எங்கே என்று கண்டுபிடியுங்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் திரவம் எங்கே கசிந்தாலும் வெளிப்புறத்தில் வழிந்து மிகத் தாழ்ந்த முனைக்கே வந்து சொட்டும். அந்த முனை எப்போதும் வால்வின் வாய்தான். அதனால் பழி முழுவதும் வாய்க்குப் போகிறது. நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, தொட்டியோடு சேரும் கழுத்து, கைப்பிடித் தண்டு, வாய் ஆகிய மூன்று இடங்களிலும் மெல்லிய காகிதப் பட்டை சுற்றி நூலால் கட்டுங்கள். இரவு முழுவதும் விட்டுக் காலையில் பாருங்கள். எந்தப் பட்டை முதலில் நனைந்திருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

மலையிலிருந்து புகார் வந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. பனிமூட்டத்தில் நிற்கும் குளிர்ந்த தொட்டியின் மேல் வியர்த்து வழியும் தண்ணீரும் வால்வு முனையில் வந்துதான் சொட்டும். உள்ளே இருப்பது நிறமற்ற திரவமாக இருந்தால் கண்ணால் வேறுபடுத்த முடியாது. விரலில் தொட்டுப் பிசுபிசுப்பைப் பாருங்கள். அல்லது சோதனைத் தொட்டியில் சமையல் நிறம் கொஞ்சம் கலந்துவிடுங்கள். காகிதத்தில் நிறம் ஏறாவிட்டால் வால்வின் மேல் குற்றம் இல்லை.

மூடியிருக்கும்போதே வாயில் சொட்டு

காகிதச் சோதனையில் வாய்ப் பட்டை மட்டும் நனைந்தால், அடைப்பானும் அது உட்காரும் சீட்டும் முழுவதும் தொடவில்லை என்று பொருள். இதைப் பார்க்கக் கருவி ஏதும் வேண்டாம். ரப்பர் ஸ்டாம்பு மை போதும். சீட்டின் மேல் மையை மெல்லியதாகத் தடவி, அடைப்பானை வழக்கமான விசையோடு மூடி, திருப்பாமல் திறந்து பாருங்கள். அடைப்பானில் அறுபடாத நீல வளையம் பதிந்திருக்க வேண்டும். வளையம் எங்கே அறுந்திருக்கிறது, எப்படி அறுந்திருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

நேரெதிராக இரண்டு இடங்களில் மயிரிழை அளவுக்கு வெள்ளை விட்டிருந்தால், பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சான டையின் இரு பாதிகள் சேரும் பிரிகோடு சீட்டின் குறுக்கே போகிறது. அந்தக் கோட்டில் எழும் பிசிறு அடைப்பானைத் தூக்கிப்பிடிக்க, இரண்டு பக்கமும் திரவம் புகுந்துவிடுகிறது. கத்தியால் பிசிறைச் சீவுவது அன்றைய ஆர்டரை மட்டும்தான் காப்பாற்றும். சீவிய இடம் பள்ளமாகி, அடுத்த கசிவுக்கு வழி வைக்கும். பிரிகோடு சீட்டின் மேல் வராதபடி டையை மாற்றுவதே மருந்து. சீட்டு முழுவதையும் டைக்குள் நீளும் ஒரே உள்கம்பியின் முனையில் வெட்டிவிட்டால் பிரிகோடு அதைத் தொடவே தொடாது. டை செய்வதற்கு முன்பே கேட்டால் எந்தப் பட்டறைக்காரரும் கூடுதல் செலவில்லாமல் இதைச் செய்து தருவார். டை முடிந்த பிறகு கேட்டால் பாதி டையைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரே பக்கத்தில் அகலமான வெள்ளை விட்டிருந்தால் அது உள்வாங்கிய பள்ளம். அந்த இடத்துக்குப் பின்னால் சுவர் தடித்திருக்கும், அல்லது விறைப்புக்காக ஒரு விலா வைத்திருப்பீர்கள். தடித்த இடம் கடைசியாகக் குளிர்ந்து மேற்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. விலாவை மெலிதாக்குங்கள். சீட்டுக்கு நேர் பின்னால் விலாவே வேண்டாம்.

வளையம் முழுதாக இருந்தும் சொட்டுகிறதா? அப்படியானால் தொடுகிறது, ஆனால் அழுத்தம் போதவில்லை. ரப்பர் வாஷர் ஒன்றைச் சேர்க்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கடைசிவரை தள்ளிப்போடுவது அதைத்தான். வாஷர் ஒரு பொருள் மட்டுமல்ல. அதை வாங்கி, எண்ணி, கையால் போட்டு, போட மறந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வால்வில் பிளாஸ்டிக்கைவிடக் கைவேலைக்குத்தான் விலை. உடலைக் கடினமான பி.பி.யிலும் (பாலிபுரொப்பிலீன்) அடைப்பானை மென்மையான எல்.டி.யிலும் (குறை அடர்த்திப் பாலிஎத்திலீன்) செய்து, அடைப்பானின் விளிம்பை மெல்லிய உதடாக வெளியே விரித்துவிட்டால், உதடே வாஷரின் வேலையைச் செய்யும். அந்த உதடு திரவம் இருக்கும் பக்கம் பார்த்து விரிந்திருக்க வேண்டும். அப்போது தொட்டியின் அழுத்தமே அதைச் சுவரோடு ஒட்டவைக்கும். திருப்பி வைத்தால் அதே அழுத்தம் உதட்டைச் சுருட்டிவிடும். படத்தில் சரியாக வரைந்து, டையில் தலைகீழாக வெட்டப்பட்டு வந்த அடைப்பான்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதிரி வந்ததும் இதைப் பாருங்கள்.

நேற்றுவரை சரியாக இருந்தது, இந்த லாட்டில் மட்டும் ஒழுகுகிறது

டையைத் தொடாதீர்கள். உருக்கப் போடும் பிளாஸ்டிக் குருணையின் மூட்டையைப் பாருங்கள். பி.பி. குளிரும்போது ரகத்துக்கு ரகம் ஒன்றிலிருந்து இரண்டரை சதவீதம்வரை சுருங்கும், எச்.டி. (உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்) அதைவிடக் கூடுதலாகவே சுருங்கக்கூடியது. 50 மி.மீ. துளையில் சுருக்கம் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதமானால் விட்டம் கால் மில்லிமீட்டர் குறைந்துவிடும். வாஷர் இல்லாத வால்வுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது ஊர்ப்பட்ட வித்தியாசம். விலை குறைவு என்று வேறு ரகக் குருணையை வாங்கியிருப்பார்கள், அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கூடுதலாகக் கலந்திருப்பார்கள், அல்லது உற்பத்தியைக் கூட்டக் குளிரும் நேரத்தில் இரண்டு விநாடி திருடியிருப்பார்கள். மூன்றுக்கும் விளைவு ஒன்றுதான்.

அளவெடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். மெஷினிலிருந்து விழுந்த சூட்டோடு வெர்னியரை வைத்தால் அளவு சரியாகவே காட்டும். இந்தப் பிளாஸ்டிக்குகள் வெளியே வந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மெதுவாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் அளந்த அளவைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சேலத்தில் ஒழுகாது, ஏற்காட்டில் ஒழுகும்

இந்தப் புகார் வந்தால் வால்வு கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கித் தளர்ந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் முதல் விளக்கம். இருபது வளைவுகள் இருக்கின்றன, திரவம் அலைமோதும் என்பது உண்மைதான். ஆனால் லாரியிலிருந்து இறக்கி, ஆடாமல் நிறுத்தி வைத்த பிறகும் கேன் விடாமல் சொட்டுமானால் காரணம் வளைவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் என்றால் மேலே 84 அல்லது 85தான். சேலத்தில் இறுக மூடிய கேன் உள்ளே சேலத்துக் காற்றையே சுமந்துகொண்டு மேலே போகிறது. அங்கே போய்ச் சேரும்போது உள்ளே 13 கிலோபாஸ்கல் கூடுதல். அதைத் தண்ணீர் உயரமாகச் சொன்னால் 1.3 மீட்டருக்கு மேல். ஒரு மீட்டர் உயரத் திரவத்தைத் தாங்கினால் போதும் என்று செய்த வால்வின் மேல், அதைவிடப் பெரிய இன்னொரு தொட்டியை ஏற்றி வைத்ததற்குச் சமம். 50 மி.மீ. துளையில் அடைப்பானைத் தள்ளும் விசை சுமார் 2 கிலோவிலிருந்து 4.5 கிலோவுக்கு மேல் போய்விடும். மலைக் குளிர் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் சுருக்கி இதில் ஒரு பகுதியைக் குறைக்கும் என்பது உண்மை. பகலில் கேன் வெயிலில் நின்றால் அந்தச் சலுகையும் போய்விடும்.

காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நிரம்பிய கேன்கள் அதிகம் ஒழுகுகின்றனவா, குறையாக நிரப்பியவை அதிகம் ஒழுகுகின்றனவா என்று கிடங்குக்காரரிடம் கேளுங்கள். அழுத்த வேறுபாடு தீர வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று தன் அளவில் சுமார் 16 சதவீதம் விரிய வேண்டும். 20 லிட்டர் கேனில் ஒரு லிட்டர் காற்று மட்டும் இருந்தால் கேன் 160 மில்லிலிட்டர் உப்பினால் போதும். பிளாஸ்டிக் சுவர் கொஞ்சம் வீங்கி அதைச் சமாளித்துவிடும். நான்கு லிட்டர் காற்று இருந்தால் 640 மில்லிலிட்டர் உப்ப வேண்டும். அது முடியாதபோது மிச்ச அழுத்தம் வால்வின் மேல்தான் விழுகிறது. ஆகவே குறைக் கேன்கள் அதிகம் ஒழுகினால் நோய் உறுதி. எடை குறையும், கசிவும் குறையும் என்று எண்ணிக் குறைத்து நிரப்புகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

தீர்வுகளை விலை வரிசையில் சொல்கிறேன். செலவே இல்லாதது, மேலே போனதும் வால்வைத் தொடுவதற்கு முன் மேல்மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தச் சொல்லிக் கேனின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவது. ஆனால் இது கேன் இறங்கும்வரை உதவாது; எழுத்தை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அடுத்தது, அடைப்பான் உள்ளிருந்து சாத்தும்படி வால்வை வரைவது. அழுத்தம் கூடக் கூட மூடல் இறுகும். மூன்றாவது நான் முதலில் சொன்ன சவ்வு. சரியாக ஒட்டிய சவ்வுக்கு 13 கிலோபாஸ்கல் ஒரு பொருட்டே இல்லை. காற்று மட்டும் போய்வரும் நுண்துளை மூடிகளும் கிடைக்கின்றன. பஞ்சகவ்யம் போல உள்ளேயே வாயு எழுப்பும் சரக்குக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரணச் சரக்குக்கு அது வால்வைவிட விலை கூடியதாகிவிடும்.

இதைச் சோதிக்க மலையேற வேண்டியதில்லை. மொட்டைமாடியிலிருந்து ஒரு ட்யூபைத் தொங்கவிட்டு, கேனின் மேல்மூடியில் இணைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். வால்விலிருந்து தண்ணீர் மட்டம் வரை இரண்டரை மீட்டர் இருந்தால், வால்வின் மேல் 24 கிலோபாஸ்கலுக்கும் சற்று மேல் விழும். ஏற்காட்டு நிலைமையை அது அப்படியே காட்டிவிடும். ஓர் இரவு தாங்கினால் வால்வு மலைக்குத் தயார்.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். மலையில் மூடிக் கீழே கொண்டுவந்த கேன் ஒடுங்கிப்போய் வரும். வால்வைத் திறந்தால் திரவம் வராமல் காற்றுதான் உள்ளே போகும். அதை அடைப்பு என்று நினைத்துக் கம்பியை விட்டுக் குடையாதீர்கள். மேல்மூடியைத் திறந்தால் போதும்.

பையும் வால்வும் சேரும் இடத்தில் கசிவு

பையோடு வரும் வால்வில் கழுத்துப் பட்டை நனைந்தால், பையின் பிலிமோடு வால்வின் அடித்தட்டான பிளாஞ்சு சூட்டில் ஒட்டிச் சேரும் வெல்டைப் பார்க்க வேண்டும். இங்கே ஊகம் வேண்டாம்; ஒரு பையை வெட்டி, வெல்டைக் கையால் பிய்த்துப் பாருங்கள்.

பிலிம் சுத்தமாக, தோலுரிந்தது போலக் கழன்று வந்தால் வெல்டு பிடிக்கவே இல்லை. முதல் சந்தேகம் பொருள் பொருத்தம். பை பாலிஎத்திலீன், பிளாஞ்சு பி.பி. என்றால் அவை பார்வைக்கு ஒட்டியது போல இருக்கும், சுமை ஏறியதும் விட்டுவிடும். பிளாஞ்சு பையின் இனத்திலேயே இருக்க வேண்டும். வால்வின் மீதி உடலை வேண்டுமானால் பி.பி.யில் செய்து அதன் மேல் அழுத்திப் பொருத்துங்கள். இனம் ஒன்றாக இருந்தும் உரிந்தால், பிலிமின் மேல் வழுக்குப் பூச்சு ஏறியிருக்கலாம். பிலிம் சுருள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சேர்க்கும் பொருள் நாளாக ஆக மேற்பரப்புக்கு வரும். அதனால் பழைய சுருளில்தான் இந்தக் கோளாறு அதிகம். எண்ணெய்க் கை பட்ட பிளாஞ்சும் இதே போலத்தான் உரியும்.

பிலிம் வெல்டின் ஓரத்திலேயே கத்தரித்தது போலக் கிழிந்தால் சூடு அதிகம், அல்லது பிளாஞ்சின் விளிம்பு கூர்மை. மெல்லிய பிலிமும் தடித்த பிளாஞ்சும் ஒரே வேகத்தில் சூடேறாது. பிளாஞ்சு உருகும்வரை காத்திருந்தால் பிலிம் இளகி மெலிந்துவிடும். பிளாஞ்சின் வெளிவிளிம்பைப் படிப்படியாக மெலிய விட்டால் இரண்டு தொல்லைகளும் ஒன்றாகத் தீரும். வெல்டைத் தாண்டி நடுப் பிலிம் கிழிந்தால் உங்கள் வெல்டு நன்றாகவே இருக்கிறது. பிலிம் வியாபாரியிடம் பேசுங்கள்.

மரையில் கசிவு

மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றி இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். இரும்புக் குழாய்க்கு அது சரி. பிளாஸ்டிக் மரையில் டேப் ஆப்பு போல வேலை செய்து பெண் மரையைப் பிளந்துவிடும். பிளவு அப்போதே தெரியாமல், ஒரு வாரம் கழித்துத் தெரியும். மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே. கசிவைத் தடுக்க வேண்டியது முகத்தில் உட்காரும் வாஷர். மேலே வாஷரைத் திட்டிய நானே இங்கே அதைப் பரிந்துரைக்கிறேன். தொட்டியின் கழுத்து நம் கையில் இல்லை என்பதால் இங்கே தப்பிக்க வழியில்லை.

ஆயிரம் லிட்டர் தொட்டியின் வெளிவாயில் ஏமாறுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த வாயின் பரவலான மரை 60 மி.மீ. விட்டம், பல்லுக்குப் பல் 6 மி.மீ. இரண்டு அங்குல பிரிட்டிஷ் குழாய் மரையின் விட்டமும் 59.6 மி.மீ.தான். வெர்னியரை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். ஆனால் குழாய் மரையில் பல்லுக்குப் பல் 2.3 மி.மீ. மட்டுமே. வாயில் வைத்தால் கொஞ்சம் பிடித்துச் சிக்கிக்கொள்ளும். விசை போட்டால் இரண்டின் பல்லும் போகும். விட்டத்தை அளப்பதற்கு முன் பல் இடைவெளியை அளங்கள்.

திறந்தாயிற்று, வரவில்லை, அல்லது வந்து நின்றுவிட்டது

எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

விட்டு விட்டு, குடுகுடுவென்று வந்தால் காற்று போக வழியில்லை. கெட்டியான தொட்டியில் வெளியேறும் திரவத்தின் இடத்தைக் காற்று நிரப்பியாக வேண்டும். மேல்மூடியைத் திறக்க வேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் திட்டுவது வால்வைத்தான். பைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தானே ஒடுங்கிக்கொள்ளும்.

நன்றாக வந்துகொண்டிருந்து சட்டென்று நின்று, வால்வை ஆட்டினால் மறுபடி வந்தால், வெட்டுப்பட்ட சவ்வுத் துண்டு உள்ளே மிதக்கிறது. சவ்வு வைத்த வால்வின் தனி நோய் இது. சவ்வைக் குத்தித் திறக்கும் பல் முழு வட்டமாக வெட்டினால், வட்டத் துண்டு கழன்று ஓட்டத்தோடு வந்து துளையை மூடும். பல்லின் வெட்டை முக்கால் வட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு, மீதியைக் கீல் போல விட்டுவிடுங்கள். வெட்டிய மடல் திரவம் ஓடும் திசையில் சாயும்படி கீலின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பற்கள் வேண்டாம்; மூன்று பற்கள் சவ்வைக் கிழிக்கும், வெட்டாது, கிழிசல்கள் துணுக்குகளாகும். சாய்வாக வெட்டிய ஒரே பல் போதும்.

கடைசிப் பகுதி மட்டும் வராமல் நின்றால் பையின் பிலிம் வாயில் ஒட்டிக்கொண்டது. உள்வாயில் குறுக்காக இரண்டு மூன்று விலாக்கள் வைத்தால் பிலிம் படிந்தாலும் இடையே திரவம் போகும். தொட்டியைப் பின்பக்கம் சற்று உயர்த்தி வைக்கச் சொல்வதும் பலன் தரும்.

ஆரம்பத்திலிருந்தே நூலாக மட்டும் வந்தால் திரவத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 50 மி.மீ. துளை வழியே விநாடிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் போகும். ஆயிரம் லிட்டர் தொட்டி ஆறேழு நிமிடத்தில் காலியாகும். இதை வைத்துக்கொண்டு குளுக்கோஸ் பாகுக்குக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். பாகு போன்ற கெட்டித் திரவத்துக்கு, துளையின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. வாயின் நீளமும் கணக்கில் வரும். இரு மடங்கு நீண்டால் ஓட்டம் பாதி. பாகுக்கான வால்வு குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். அதற்கு வளைவுக் குழாய் வைத்த அழகான வாய் வேண்டாம். பத்து டிகிரி சூடேற்றினாலே பாகின் கெட்டித்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மலையில் காலையில் வராதது சேலத்தில் மதியம் வரும்.

தேங்காய் எண்ணெய் இன்னும் கறாரானது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் சேலத்திலேயே அந்த அளவு வந்துவிடும், மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொட்டி முழுவதும் உறைவதற்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுக்குள் இருப்பது உறைந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்று நேரம் விடுங்கள். கைப்பிடியை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள்.

கைப்பிடி ஒடிந்துவிட்டது

மேலே சொன்னபடி வலுக்கட்டாயமாகத் திருப்பியிருப்பார்கள். அப்படி இல்லையென்றால் கைப்பிடி தண்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். அந்த மூலை கூர்மையாக இருந்தால் அரை மில்லிமீட்டராவது உருட்டுங்கள். டைக்குள் இரு திசையிலிருந்து வரும் பிளாஸ்டிக் சந்திக்கும் கோடு சரியாக அதே மூலையில் விழுந்தால், பிளாஸ்டிக் உள்ளே நுழையும் இடத்தை மாற்றிக் கோட்டை வேறெங்காவது தள்ளுங்கள். வெளியே வெயிலில் நிற்கும் தொட்டி என்றால் நிறமற்ற பி.பி. சுண்ணாம்பு போல வெளுத்து நொறுங்கும். கருப்பு நிறம் நல்லது.

சில வாரங்களுக்குப் பிறகு தானாக விரிசல்

யாரும் தொடவில்லை, கீழே விழவும் இல்லை, ஆனாலும் கழுத்தில் விரிசல். விரிசலின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்து இழுபட்டிருந்தால் யாரோ அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள். வெளுப்பு இல்லாமல் வழவழப்பாகக் கண்ணாடி போல உடைந்திருந்தால், பிளாஸ்டிக்கின் உள்ளிறுக்கமும் சரக்கும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை. சோப்புக் கரைசல் பாலிஎத்திலீனை இப்படி உடைக்கும். சமையல் எண்ணெய் ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் ஆகிய பிளாஸ்டிக்குகளை உடைக்கும். காரமான கழுவும் திரவம் பாலிகார்பனேட்டை அரிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் சரக்கிலும் குற்றமில்லை, பிளாஸ்டிக்கிலும் குற்றமில்லை.

புதிய சரக்குக்கு வால்வு கேட்டு யாராவது வந்தால், வால்வுத் துண்டை வளைத்துக் கம்பியால் கட்டி, அந்தச் சரக்கிலேயே மூழ்கடித்து, சற்றுச் சூடான இடத்தில் சில நாட்கள் வைத்துப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள். பாலிஎத்திலீன் என்றால் வேகமாக உருகி ஓடும் ரகத்தைத் தவிர்த்து மெதுவாக ஓடும் ரகத்தை எடுங்கள். மெஷின்காரர் முணுமுணுப்பார். ஆனால் சோப்புக்கு அதுதான் தாங்கும்.

முதலில் இலகு, பிறகு திருப்ப முடியவில்லை

ரப்பர் வளையம் ஊதியிருக்கிறது. ஈ.பி.டி.எம். ரப்பர் தண்ணீருக்கும் காரத்துக்கும் நன்றாக உழைக்கும். எண்ணெயில் ஊறி வீங்கும். எண்ணெய்க்கு நைட்ரைல். இரண்டும் கருப்பாக, ஒரே அளவில், ஒரே டப்பாவில் கிடப்பதுதான் வினை. தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

எண்ணெயில் பிளாஸ்டிக் வாடை

அரைத்த பழைய பிளாஸ்டிக், அல்லது மெஷினில் அதிகச் சூடு. சூட்டைக் குறைத்தும் வாடை போகாவிட்டால் குருணை மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். உணவுச் சரக்கு என்றால் இதில் பேரமே இல்லை. இந்தியத் தரங்களான ஐ.எஸ். வரிசையில் பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிபுரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910, சேர்க்கும் நிறத்துக்கு ஐ.எஸ். 9833 ஆகியவற்றுக்குப் பொருந்தும் சான்றிதழை வியாபாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதியல் விதிமுறைகள் இந்தத் தரங்களையே சுட்டுகின்றன. "எல்லாம் ஒரே மால்தான் அண்ணே" என்று சொல்கிறவரிடம் சவ்வுக்கும் சேர்த்து எதையும் வாங்காதீர்கள்.

லாட் புறப்படுவதற்கு முன்

ஒவ்வொரு லாட்டிலும் சில வால்வுகளை எடுத்து, வாடிக்கையாளரின் சரக்கையே நிரப்பிய கேனில் பொருத்தி, மொட்டைமாடி ட்யூபின் கீழே ஓர் இரவு வையுங்கள். காலையில் காகிதப் பட்டைகளைப் பார்த்த பிறகு வால்வைத் திறந்து, சவ்வு மடலாகச் சாய்கிறதா, துண்டாகக் கழல்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அந்தக் கேன்களைக் காலி செய்யாமல் லாட் எண்ணும் குருணையின் ரகமும் எழுதி ஓரமாக நிறுத்தி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டிலிருந்து தொலைபேசி வரும்போது, பேசுகிறவர் சொல்லும் லாட்டின் கேன் உங்கள் கண்ணெதிரிலேயே இருக்கும்.